ஏரி வழியே ஒரு நாள்

புதுச்சேரிக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையோடு நின்றுவிடுகிறார்கள். மஞ்சள் வண்ணச் சுவர்கள், காகிதப்பூக் கொடிகள், மணக்குள விநாயகர், மாலையில் காந்தி சிலை. எல்லாம் அழகுதான். ஆனால் அந்த நகரத்துக்குச் சோறு போட்ட மண், தெற்கே ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். கடலூர் சாலையில் கிருமாம்பாக்கம், அங்கிருந்து சற்று உள்ளே பாகூர். இரண்டு ஊருக்கும் ஏரி உண்டு, கடைத்தெரு உண்டு. தை மாதத்தில் ஒரு நாளை அங்கே கழிக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கிருமாம்பாக்கத்துக்காரரான நண்பர் ஒருவர் ஒரே ஒரு யோசனை சொன்னார்: "கடையில ஆரம்பிக்காதீங்க. ஏரியில ஆரம்பிங்க. கடைத்தெருவுல இருக்கறது பாதி அங்கேருந்து வந்ததுதான்." அந்த யோசனையே அன்றைய பயணத்துக்கு வழியாகிவிட்டது.

நோணாங்குப்பம் தாண்டி

நகரத்தை விட்டுத் தெற்கே இறங்கினால் முதலில் அரியாங்குப்பம், அடுத்து நோணாங்குப்பம். அங்கே சுண்ணாம்பாற்றின் பாலம். படகுத்துறைக்கு வந்த பேருந்துகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றுலாக் கூட்டம் அதோடு சரி. பாலம் தாண்டியதும் சாலையின் முகம் மாறுகிறது. தவளக்குப்பம் நாற்சந்தியில் கரும்புச்சாறு வண்டியும் டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையும் பக்கத்துப் பக்கத்தில். பொங்கல் முடிந்த வாரம் என்பதால் விற்காமல் மிஞ்சிய கரும்புக் கட்டுகள் சுவரில் சாய்ந்து கிடந்தன.

கிழக்கே கடல், மேற்கே வயல். சாலை இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது. கடலோரம் மணல் பாங்கு: சவுக்குத் தோப்பு, தென்னை, முந்திரி. மேற்கே நல்ல களிமண் கலந்த நஞ்சை. கடலோரத்துச் சனங்களும் நஞ்சைச் சனங்களும் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே. இந்தச் சாலையோரத்து ஊர்கள் அந்த வேலையைத்தான் செய்துவருகின்றன. கிருமாம்பாக்கம் அவற்றில் ஒன்று.

கிருமாம்பாக்கம்

வெளியூர்க்காரர்களுக்குக் கிருமாம்பாக்கம் என்றால் மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும்தான் நினைவுக்கு வரும். காலை நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளைக் கோட்டு மாணவர்களும், நோயாளிக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துப் போகும் உறவினர்களும் நெருங்கி நிற்கிறார்கள். டீக்கடைகள் அவர்களை நம்பித்தான் விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டுகின்றன. நெடுஞ்சாலையின் இரைச்சலை விட்டு ஊருக்குள் நடந்தால், கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரை வந்துவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழை முடிந்து அதிக நாள் ஆகாததால் ஏரியில் நல்ல தண்ணீர். கரையோரம் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் படர்ந்திருந்தாலும் நடுவில் நீர் தெளிவாகவே இருந்தது. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, நாம் பார்க்காத பக்கமாக எழுந்தது. கரையில் மாடு ஓட்டி வந்த பெரியவர் என்னைப் பார்த்து, "பறவை பாக்க வந்தீங்களா, எடம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். மனை வாங்க வருகிறவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்களாம். பறவை என்றதும் முகம் மலர்ந்து, நத்தைகுத்தி நாரைகள் மேய்கிற மூலையைக் கைகாட்டினார். அறுத்த வயலில் தேங்கிய நீரில் அவை நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தன. "அது இருந்தா பயிருக்கு நல்லது சார். நாத்த நத்தை தின்னாம பாத்துக்கும்" என்றார்.

ஏரியை விட்டுச் சாலைக்குத் திரும்பியபோது மீன்காரப் பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் அலுமினியக் கூடைகளோடு வருகிறார்கள். சங்கரா, கிழங்கான், நெத்திலி, காரப்பொடி. அவர்களுக்கு நாலடி தள்ளி, பிளாஸ்டிக் தொட்டியில் உயிரோடு நெளியும் விராலும் கெளுத்தியும். அது ஏரி மீன். கடல் மீனும் ஏரி மீனும் ஒரே நடைபாதையில் விலை பேசப்படுகிற இடம் எனக்குப் புதிது. சென்னையில் நான் வாங்கும் மீன் எந்தக் கடலில் பிடித்தது என்பதுகூடத் தெரியாது. இங்கே ஒரு கூடையின் மீன் காலையில் கிழக்கே பிடித்தது, இன்னொன்று இரவில் மேற்கே பிடித்தது.

விரால் ஒன்று வாங்கினேன். விற்ற அம்மா அதைச் சுத்தம் செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். விரால் வழுக்கும், கையில் நிற்காது. முதலில் ஒரு பிடி அடுப்புச் சாம்பலை எடுத்து மீனின் மேல் தேய்த்தார். வழுவழுப்பு போனது. அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு, மீனைத் தலைப்பக்கம் பிடித்து, செதிலை வாலிலிருந்து மேலே சீவினார். வயிற்றைக் கீறிக் குடலை இழுத்துப் பூனைக்கு எறிந்தார். பிறகு கல்லில் இரண்டு தேய். கறுப்பு மீன் வெளிறிப்போய், துண்டு துண்டாக வாழையிலையில் வந்து விழுந்தது. இத்தனையும் பக்கத்தில் இருந்தவரோடு மகளின் பிரசவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே. "தலைய வுட்றாதீங்க, கொழம்புக்கு அதான் ருசி" என்று சொல்லிக் காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பாகூர் சாலை

கன்னியக்கோயில் பக்கமாக மேற்கே திரும்பியதும் வயல்வெளி. சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. அறுவடை இயந்திரம் ஒரு வயலில் சுற்றிக்கொண்டிருக்க, பக்கத்து வயல் இன்னும் பச்சை மாறாமல் கதிர் சாய்த்து நின்றது. சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொண்டிருந்தது. காயப்போட்ட நெல்லைப் பெண்கள் காலால் கிளறிவிட்டபடி நடந்தார்கள். வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. யாரும் ஒலிப்பான் அடிக்கவில்லை.

இந்தப் பகுதியின் எல்லைகள் வெளியூர்க்காரருக்குப் புரிய நேரம் பிடிக்கும். ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. புதுச்சேரிக் கோட்டைக்கும் கடலூர் தேவனாம்பட்டினத்தின் ஆங்கிலேயக் கோட்டைக்கும் நடுவில் பாகூர் அமைந்ததால் போரும் இங்கேயே நடந்தது. 1752இல் ஸ்டிரிங்கர் லாரன்ஸ் நடத்தி வந்த ஆங்கிலேயப் படை, பிரெஞ்சுப் படையைப் பாகூர் அருகே தோற்கடித்தது. இரண்டு கொடிகளுக்கும் இந்த மண்ணின் நெல்லும் வரியும் தேவைப்பட்டன. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபோதும் பழைய பிரெஞ்சு எல்லைக்கோடு அப்படியே நின்றுவிட்டது. நெல்லுக்கு அந்தக் கோடு தெரியாது. தண்ணீருக்கும் தெரியாது என்பதை மாலையில் ஆற்றங்கரையில் பார்த்தேன்.

பாகூர்: மூலநாதர் கோயில்

பாகூரின் நடுவே மூலநாதர் கோயில். அம்பாள் வேதாம்பிகை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சோழர் காலக் கற்றளி. கோபுரத்தை நிமிர்ந்து பார்க்க வைக்கிற கோயில் இது அல்ல; குனிந்து பார்க்க வேண்டியது. அடித்தளமான அதிட்டானத்தைச் சுற்றி வந்தால், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் சிறு சிறு சிற்பங்கள். கால் தூக்கி ஆடும் பெண்ணின் இடை வளைவு, விரல் நீளக் கல்லில் அத்தனை துல்லியம். காலை வெயில் சாய்வாக விழும்போது அவை எழுந்து வருகின்றன. உச்சி வெயிலில் மறைந்துவிடுகின்றன. ஆகவே கோயிலுக்கு முற்பகலிலேயே வந்துவிடுவது நல்லது.

சுவரெங்கும் கல்வெட்டு. சோழ மன்னர்களோடு, வடக்கிலிருந்து வந்து தொண்டை நாட்டைப் பிடித்த இராட்டிரகூடக் கன்னரதேவனின் கல்வெட்டுகளும் உண்டு. இந்த ஊர்க்காரரான பாகூர் குப்புசாமி புதுச்சேரிக் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்தார், ஜி. விஜயவேணுகோபால் பதிப்பிக்க, புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் அதை 2006இல் நூலாகக் கொண்டுவந்தன. தன் ஊர்க் கோயிலின் கல்லைப் படித்துத் தொடங்கிய ஒருவர், ஒரு மாநிலத்தின் வரலாற்றுக்கே ஆவணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

கல்லுக்கும் முந்தைய சான்று செம்பில் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அன்று வாகூர் எனப்பட்ட இந்த ஊரில் நடந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விச் சாலைக்கு, மூன்று ஊர்களின் வருவாய் தானமாகக் கொடுக்கப்பட்டது. வேதங்கள், அங்கங்கள், மீமாம்சை, நியாயம், புராணம், தருமசாத்திரம் என்று பதினான்கு துறைகள் அங்கே கற்பிக்கப்பட்டன. அந்தப் பாகூர்ச் செப்பேடுகள் இப்போது பாரிசில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

கோயில் திண்ணையில் உட்கார்ந்து இதை யோசித்தேன். மூன்று ஊரின் விளைச்சல் ஒரு கல்லூரியை நடத்தியிருக்கிறது என்றால், படிப்பவர்களும் படிப்பிப்பவர்களும் உண்ட பிறகும் மிஞ்சும் அளவுக்கு இங்கே நெல் விளைந்திருக்கிறது. அவ்வளவு நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். கல்விக்குப் பின்னால் களம், களத்துக்குப் பின்னால் ஏரி. இன்று கிருமாம்பாக்கம் சாலையில் கல்லூரிப் பேருந்துகளைப் பார்க்கிறவர்கள், இந்தப் பக்கத்துக்குப் படிப்பு நேற்று வந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

பாகூர் கடைத்தெரு

கோயிலிலிருந்து கடைத்தெருவுக்கு நடக்கும் தூரம்தான். நெல் கோணி, பூச்சிமருந்து, தார்ப்பாய், மாட்டுக் கயிறு, மண்வெட்டிப் பிடி. விதைக்கடைக்குப் பக்கத்தில் நகைக்கடை. அதற்கும் பக்கத்தில் அடகுக்கடை. தரையில் சாக்கு விரித்துப் பெண்கள் மொச்சையும் பனங்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் குவித்திருந்தார்கள். தை மாதத்தின் சரக்கு முழுவதும் அந்தச் சாக்குகளில் இருந்தது. வேகவைத்த பனங்கிழங்கு ஒன்றை நாரை உரித்துக் கடித்தபடியே நடந்தேன்.

பாத்திரக்கடைக்காரர் ஒருவரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். வாசல் பக்கம் கையை நீட்டினார். "ஏரி நெறஞ்ச வருஷம்னா மாசிலயும் பங்குனிலயும் கல்யாணத்துக்கு எவர்சில்வர் நல்லா ஓடும். காஞ்ச வருஷம்னா பழைய குடத்துக்கு ஈயம் பூச வருவாங்க, அவ்ளோதான்." பொருளாதாரப் புத்தகம் பல பக்கங்களில் சொல்வதை இரண்டு வரியில் முடித்துவிட்டார். நகரத்துக் கடைக்காரரிடம் கேட்டால் பண்டிகை, சம்பளத் தேதி, தள்ளுபடி என்பார். இங்கே வியாபாரத்தின் அளவுகோல் ஏரியின் நீர்மட்டம்.

மதியச் சாப்பாடு நண்பரின் மாமா வீட்டில். விரால் குழம்பாகிவிட்டது, கூடவே மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பும் முள்ளங்கிப் பொரியலும். சோறு புது நெல்லா என்று ஆசையாகக் கேட்டேன். அத்தை சிரித்தார். "புது அரிசி கொழஞ்சிடும் தம்பி, அது பொங்கலுக்குத்தான் ஆவும். கொழம்புக்குப் போன வருஷத்து அரிசிதான் நிக்கும்." களத்தில் புது நெல் குவிந்திருக்கும்போது குதிரில் பழைய நெல்லும் இருக்கிறது என்பதுதான் ஒரு விவசாயக் குடும்பத்தின் நிம்மதி. மீன்காரம்மா சொன்னது சரி. தலையில்தான் ருசி இருந்தது.

பாகூர் ஏரிக்கரை

வெயில் தாழ்ந்ததும் மாமா ஏரிக்கு அழைத்துப் போனார். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. கரையில் ஏறி நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரிகிறது. பனைகள் கரை நெடுக வரிசை கட்டி நிற்கின்றன. கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக அந்தக் காலத்தில் விதைத்தவை. நாமக்கோழிக் கூட்டம் கறுப்புப் புள்ளிகளாக நீரில். கூழைக்கடா நான்கைந்து, வரிசையாக நீந்தி மீனை ஓரம் கட்டிக்கொண்டிருந்தன.

மாமா மதகைக் காட்டினார். கல் கட்டடத்தின் மேல் இரும்புத் திருகு. அதைச் சுற்றினால் அடியில் பலகை எழும்பும். வாய்க்காலில் தண்ணீர் பாயும். எந்த மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதில்தான் ஊரின் ஒற்றுமையும் சண்டையும் இருக்கின்றன. மேல்மடைக்காரர் தேவைக்கு மேல் எடுத்தால் கடைமடை காயும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பாசனத்தைக் கவனிக்க விவசாயிகளின் சங்கங்கள் இருந்தன. ஆழ்துளைக் கிணறும் மின் மோட்டாரும் வந்த பிறகு, தன் வயலில் தண்ணீர் இருக்கும்போது ஏரி எதற்கு என்ற எண்ணம் பரவியது. கரையும் வாய்க்காலும் கவனிப்பாரற்றுப் போயின. மோட்டார் ஆழம் ஆழமாகப் போகப் போக, கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கத் தொடங்கியது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியபோது, ஊர்தோறும் ஏரிச் சங்கங்களை மறுபடி கூட்டினார்கள்.

"ஏரித் தண்ணிய நேரா பாய்ச்சறவங்க இப்ப கம்மி. ஆனா ஏரியில தண்ணி நின்னாத்தான் போர்ல தண்ணி நிக்கும். அது இப்ப எல்லாருக்கும் புரிஞ்சிட்டுது" என்றார் மாமா.

இந்த ஏரிக்கு நீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து வருகிறது. பங்காரி, சிங்காரி என்று அக்கா தங்கை இரண்டு பேர், கோயிலில் ஆடிய தாசிகள், தங்கள் சொத்தைக் கொடுத்து நீர்வழி வெட்டினார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். புதுச்சேரி நகரத்திலும் இப்படியே ஒரு கதை உண்டு: தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் கதை, பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அவள் பெயரில் இருக்கிறது. ஊர் ஒதுக்கி வைத்த பெண்களையே ஊருக்குத் தண்ணீர் தந்தவர்களாகவும் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். மன்னர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. இந்தப் பெண்களின் பெயர் ஓடும் நீரில் இருக்கிறது.

நான் வசிப்பது சென்னை மாம்பலத்தில். அங்கே ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் அதை வடித்துத்தான் தியாகராய நகர் உருவானது. லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. பார்க்க ஏரி இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. எங்கள் பகுதியின் கடைத்தெரு தமிழகத்திலேயே பெரியது. ஆனால் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி எங்கள் வாசலுக்கு வருகிறது. பாகூரில் ஏரியும் கடைத்தெருவும் இரண்டும் பிழைத்திருக்கின்றன. ஒன்றை அழித்து மற்றொன்றை வளர்க்கத் தேவையில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

குருவிநத்தம்: பெண்ணையாற்றங்கரை

பொழுது இருந்ததால் தெற்கே குருவிநத்தம் வரை போனோம். அங்கே தென்பெண்ணை. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து, கடலூர் அருகே கடலில் சேரும் ஆறு. தை மாதத்தில் மணலுக்கு நடுவே ஒரு நீரோட்டம். இவ்வளவு அடக்கமாக ஓடும் ஆறா என்று வியந்தபோது, மாமா ஒரு வீட்டுச் சுவரைக் காட்டினார். மார்பளவு உயரத்தில் ஒரு சேற்றுக்கோடு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அது வடிவதற்குள், நிரம்பிய சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் பெண்ணையாற்றில் விடப்பட்டது. பாகூர் பகுதியின் ஆற்றோர ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. பயிர், ஆடு மாடு, சேர்த்து வைத்த நெல் எல்லாம் போனது. அந்தக் கோடு அப்போது விழுந்தது. ஆற்றங்கரையில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "ராத்திரி வந்துது, புள்ளைங்கள தூக்கிக்கினு மேட்டுக்குப் போனோம். திரும்பி வந்து பாத்தா அரிசிப் பானை மரத்துல தொங்குது" என்றார். பிறகு, வேர்க்கடலை ஒரு கை அள்ளிக் கொடுத்தார். வெள்ளம் விட்டுப்போன வண்டலில் விளைச்சல் நன்றாக இருக்கிறதாம்.

ஏரிகள் எதற்காக வெட்டப்பட்டன என்பது ஆற்றங்கரையில் நின்றால்தான் முழுதாக விளங்குகிறது. ஆறு தருவது ஒழுங்கில்லாமல் வரும். சில நாள் பெருக்கெடுத்து, பல மாதம் காய்ந்து. அந்தச் சில நாளின் நீரைப் பிடித்து, ஒன்றிலிருந்து ஒன்றாக நிரப்பி, ஆண்டு முழுவதும் பகிர்ந்துகொள்ள முன்னோர் கண்ட வழி இந்த ஏரித்தொடர். வாய்க்கால் தூர்ந்தால் இரண்டும் நேரும்: மழையில் வெள்ளம், கோடையில் வறட்சி. எல்லைக்கோட்டின் இரு பக்கத்து அதிகாரிகளும் ஊர்களும் சேர்ந்து காக்காவிட்டால் அந்த வாய்க்கால் நிற்காது. தமிழ்நாட்டில் பெய்த மழையைப் புதுச்சேரி ஏரி சேமித்துத் தருகிறது; அதில் விளைந்த நெல் இரு பக்கச் சந்தைக்கும் போகிறது.

போக நினைப்பவர்களுக்கு

பாகூருக்கு ஒரு நாள் போக நினைப்பவர்கள் தையிலோ மாசியிலோ போங்கள். ஏரியில் நீர் இருக்கும், வயலில் அறுவடை இருக்கும், வலசைப் பறவைகள் இருக்கும். விடிந்ததும் கிருமாம்பாக்கம் ஏரிக்கரை, முற்பகலில் மூலநாதர் கோயிலின் சிறு சிற்பங்கள், உச்சியில் கடைத்தெரு, வெயில் தாழ்ந்ததும் பாகூர் ஏரி, முடிந்தால் பெண்ணையாறு. திரும்பும்போது கடைத்தெருவில் அரிசியோ மொச்சையோ வேர்க்கடலையோ வாங்கி வாருங்கள். கரையில் பிளாஸ்டிக் எதையும் விட்டு வராதீர்கள். சுற்றுலா என்ற பெயரில் படகுகளும் உணவகங்களும் ஏரிக்குள் இறங்கிவிட்டால் இந்த ஏரி இன்னொரு படகுத்துறையாகிவிடும். மதகு திறப்பவரின் பேச்சு எடுபடாது.

நான் கொண்டுவந்த அரிசியை வீட்டில் வடித்துச் சாப்பிட்டபோது, எந்த ஏரியின் தண்ணீர், எந்த வாய்க்கால் வழியாக வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தது. நாம் தின்னும் சோற்றின் ஏரி எது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் அதை மூட விடமாட்டார்கள்.